முதல்முறை நிரல் எழுதுகிறவர்களுக்குப் பைத்தான்: சொல்லித்தருகிறவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஊர்ப்புற நூலகத்திலோ, பள்ளி விட்ட பிறகு ஒரு வகுப்பறையிலோ பத்துப் பேரை உட்காரவைத்து, பைத்தான் என்ற கணினி மொழியில் நிரல் எழுதச் சொல்லித்தர நினைப்பவர்களுக்கானது இது. கற்க வருகிறவர்களுக்குக் கூட்டல், பெருக்கல் தெரிந்தால் போதும். ஒன்றேகால் மணி நேரம் வீதம் எட்டு வகுப்புகளில் முடிக்கலாம். ஒரு வகுப்பு பிந்தினால் பிந்தட்டும், வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

புதியவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் விழுகிறார்கள். எழுதிய வரி என்ன செய்யும் என்று ஓட்டிப் பார்க்காமல் அவர்களால் சொல்ல முடிவதில்லை. அதனால் ஒரே ஒரு விதியை எட்டு வகுப்பிலும் விடாமல் பிடிக்கவேண்டும். நிரலை ஓட்டுமுன் என்ன வரும் என்பதை ஒவ்வொருவரும் தாளில் எழுதியாக வேண்டும்.

ஒரு குறிப்பு: கீழே பைத்தான் சொற்களைத் தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் அவற்றை ஆங்கிலத்தில், எல்லாம் சின்ன எழுத்திலேயே அடிக்கவேண்டும்: பிரின்ட் print, இன்புட் input, இன்ட் int, ஃப்ளோட் float, இஃப் if, எலிஃப் elif, எல்ஸ் else, ஃபார் for, இன் in, ரேஞ்ச் range, டெஃப் def, ரிட்டர்ன் return, லென் len.

1. முந்தின நாளே தயாராக வேண்டியவை

இரண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். ஒருவர் அடிக்க, மற்றவர் வரியை வாய்விட்டுப் படிக்கவேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறவேண்டும். தனியாக உட்கார்ந்தால் எழுத்துப்பிழை கண்ணில் படாது. மூன்று பேர் உட்கார்ந்தால் மூன்றாமவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மென்பொருளுக்குத் தானி (Thonny) போதும், நிரலை எழுதி ஓட்டிப் பார்க்கும் இடம் அது. இலவசம், பைத்தானும் அதற்குள்ளேயே வந்துவிடும். மாறிகளின் (எண்ணையோ எழுத்தையோ வைத்துக்கொள்ளும் பெயர்களின்) மதிப்பைத் தனிக் கட்டத்தில் காட்டும் வசதி இருப்பதால்தான் இதைச் சொல்கிறேன். 'வியூ' மெனுவில் 'வேரியபிள்ஸ்' என்பதை டிக் செய்து வையுங்கள்.

நம் பக்கத்து வீடுகளில் 2011 முதல் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள் இன்னும் ஓடுகின்றன. அவற்றில் பல விண்டோஸ் 7ல் நிற்கின்றன. விண்டோஸ் 7ல் ஓடும் கடைசிப் பைத்தான் 3.8தான். புதியதை இறக்கினால் நிறுவவே நிறுவாது, வகுப்பு அங்கேயே நின்றுவிடும். தானியின் பதிவிறக்கப் பக்கத்தில் பைத்தான் 3.8 உள்ள 32 பிட் பதிப்பும் இருக்கிறது. அதை ஒருமுறை இறக்கிப் பென்டிரைவில் போட்டு, எல்லாக் கணினியிலும் முந்தின நாளே நிறுவி, ஒரு வரி ஓட்டிப் பார்த்துவிடுங்கள். வகுப்பு நேரத்தில் எல்லாக் கணினியும் ஒரே வைஃபையில் இறக்கத் தொடங்கினால் அன்றைய பொழுது போச்சு.

பழைய மடிக்கணினிகளில் பேட்டரி உயிரோடு இருக்காது. கரண்ட் போனால் எழுதியது போய்விடும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் கன்ட்ரோல்-எஸ் என்பதை முதல் நாளே கைப்பழக்கம் ஆக்குங்கள்.

ஆளுக்கு ஒரு நோட்டு, பென்சில். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று பத்தி: வரி, நான் நினைத்தது, வந்தது. பென்சிலை எடுக்காமலே, நிரலை ஓட்டும் எஃப்5 விசையை அழுத்துகிறவரை நிறுத்துங்கள். இந்த நோட்டுதான் வகுப்பின் உயிர்.

செல்போனில் மட்டும் கற்கலாமா என்று கேட்பார்கள். பைட்ராய்டு போன்ற செயலியில் முடியும். ஆனால் போன் விசைப்பலகை வரியின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும், வரித்தொடக்க இடைவெளியைச் சரியாகப் போடுவதும் அதில் சிரமம். வீட்டில் பழகிப் பார்க்க வைத்துக்கொள்ளலாம், வகுப்புக்கு வேண்டாம்.

2. எந்த மொழி என்ற கேள்வி

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் 11ஆம் வகுப்புக் கணினி அறிவியலில் சி பிளஸ் பிளஸ், 12ல் பைத்தான். "பதினொண்ணுல வர்றதையே மொதல்ல சொல்லிக் குடுங்க" என்று பெற்றோர் கேட்பது நியாயந்தான். ஆனால் சி பிளஸ் பிளஸில் ஒரு வணக்கம் காட்டவே தலைப்புக்கோப்பு, மெயின், அடைப்பு, அரைப்புள்ளி எல்லாம் எழுதவேண்டும். எதற்கு என்று அன்றைக்கு விளக்க முடியாது. காரணம் தெரியாமல் அடிக்கும் பழக்கம் முதல் நாளே ஒட்டிக்கொண்டால் பிறகு விடாது. பைத்தானில் அதே வேலைக்கு ஒரே வரி போதும். மாறி, நிபந்தனை, சுழற்சி (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைப்பது) இவை மூன்றும் ஒருமுறை பிடிபட்டவருக்கு சி பிளஸ் பிளஸ் சில வாரத்தில் வரும்.

3. முதல் வகுப்பு: பிரின்ட், கூடவே பிழை

பிரின்ட் என்றால் அடைப்புக்குள் இருப்பதைத் திரையில் காட்டு என்று அர்த்தம். மூன்று வரிகளைப் பலகையில் எழுதி, தாளில் பதில் எழுதச் சொல்லுங்கள்.

பிரின்ட்(600 + 50)
பிரின்ட்("600 + 50")
பிரின்ட்("600" + "50")

650 என்று மூன்றுக்கும் எழுதுகிறவர்கள்தான் அதிகம். ஓட்டினால் முதலாவது 650, இரண்டாவது 600 + 50, மூன்றாவது 60050. மேற்கோள் குறிக்குள் இருப்பதை எழுத்தாகவே வைக்கும், கணக்குப் போடாது என்பதை அவர்களே சொல்லும்வரை நீங்கள் சொல்லாதீர்கள்.

அடுத்த அரைமணி நேரம் வேண்டுமென்றே தப்புச் செய்யவேண்டும். இதை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகிறவர்கள் இரண்டாம் வகுப்பிலிருந்து பத்துப் பேருக்கும் ஓடி ஓடிப் பிழை திருத்தவேண்டி வரும். மூன்று தப்பு போதும்: பிரின்ட்டின் முதல் எழுத்தைப் பெரியதாக்குவது, ஒரு மேற்கோளை எடுப்பது, அடைப்பை மூடாமல் விடுவது. சிவப்பு எழுத்து வந்ததும் பயப்படாமல் கடைசி வரியை முதலில் படிக்கப் பழக்குங்கள். நேம்எரர் என்றால் அந்தப் பெயரை அது அறியாது. சின்டாக்ஸ்எரர் என்றால் வரியின் அமைப்பே தப்பு. அதன் பிறகு வரி எண்ணைப் பார்க்கவேண்டும்.

பைத்தான் 3.8ல் ஒரு சிக்கல் உண்டு. 4ஆம் வரியில் அடைப்பு மூடாவிட்டால், 5ஆம் வரியில் தப்பு என்று காட்டும். மூடும் அடைப்பைத் தேடிக்கொண்டே அடுத்த வரிக்குள் போய்விடுவதுதான் காரணம். 3.10லிருந்து அடைப்பு மூடப்படவில்லை என்றே நேராகச் சொல்லும். பழைய கணினியில், காட்டிய வரி சரியாக இருந்தால் ஒரு வரி மேலே பார் என்று பலகையில் எழுதி வையுங்கள்.

"ஏனுங்க்கா, எனக்கு மட்டும் தப்புன்னு வருதுங்க" என்று ஒரு பிள்ளை கூப்பிட்டால் விசைப்பலகையில் கைவைக்காதீர்கள். "கடைசி வரிய சத்தமாப் படி கண்ணு" என்பதோடு நிறுத்துங்கள். படிக்கும்போதே பாதிப் பேருக்குத் தப்பு தெரிந்துவிடும்.

4. இரண்டாம் வகுப்பு: மாறி

எட்டு வகுப்புக்கும் ஒரே கணக்கை வளர்த்துக்கொண்டு போவது நல்லது. திருப்பூர், அவிநாசி, பல்லடம் பக்கம் என்றால் ஷிப்ட் கூலி. ஒரு ஷிப்ட், ஒன்றரை ஷிப்ட், சனிக்கிழமைச் சம்பளம் என்ற பேச்சு வீட்டில் காதில் விழுந்துகொண்டே இருப்பதால் கணக்கை விளக்க நேரம் போகாது, விடை தப்பானாலும் உடனே உறைக்கும். ஒரு ஷிப்ட் கூலியை 600 என்றும், வாரத்துக்கு 7 ஷிப்ட் என்றும் வைத்துக்கொள்வோம்.

கூலி = 600
மொத்தம் = கூலி * 7
கூலி = 650
பிரின்ட்(மொத்தம்)

4550 என்று எழுதுகிறவர்கள் இருப்பார்கள். வருவது 4200. கூலி மாறினால் மொத்தமும் தானாக மாறும் என்று நினைப்பது எக்செல் பார்த்தவர்களிடம் இன்னும் அதிகம். இரண்டாவது வரி ஓடிய நேரத்தில் கூலி என்னவோ அதை வைத்துக் கணக்கு முடிந்துவிட்டது. தானியில் கன்ட்ரோல்-எஃப்5 அழுத்தி, பிறகு எஃப்6ஆல் ஒவ்வொரு வரியாக நகர்த்தி, வேரியபிள்ஸ் கட்டத்தில் எண் மாறுவதைக் காட்டுங்கள். மாறியை டப்பா, பெட்டி என்றெல்லாம் உவமை சொல்வதைவிட இந்தக் கட்டத்தைப் பார்ப்பது நூறு மடங்கு மேல்.

கூலி = கூலி + 50 என்ற வரி, இயற்கணிதம் படித்த பிள்ளைகளுக்கு அபத்தமாகத் தெரியும். அவர்கள் குழம்புவது சரிதான். இங்கே சமக்குறி "சமம்" என்று சொல்லவில்லை. வலப்பக்கத்தை முதலில் கணக்குப் போடு, வந்ததை இடப்பக்கப் பெயரில் வை என்று படிக்கச் சொல்லுங்கள்.

பெயர் வைப்பதைப் பற்றி: பைத்தான் 3 தமிழ் எழுத்திலேயே மாறிப்பெயரை ஏற்கும். கீழே வருவது போல கூலி, மணி என்றே வைக்கலாம். ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் விசைப்பலகையைத் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாற்றுவதில் புதியவர்கள் களைத்துவிடுகிறார்கள். தமிழ்ச் சொல்லையே ஆங்கில எழுத்தில் வைப்பது நடைமுறைக்குச் சரி. அதில் ஒரு ஆபத்து: கூலியை ஒருவர் இரண்டு ஓ போட்டு எழுதுவார், பக்கத்தில் இருப்பவர் ஒரு யூ போட்டு எழுதுவார், மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக வந்து நேம்எரர் விழும். அன்றைக்கு வேண்டிய பெயர்களின் எழுத்துக்கூட்டலைப் பலகையின் மூலையில் முதலிலேயே எழுதிவிடுங்கள்.

5. மூன்றாம் வகுப்பு: இன்புட்

கூலி = இன்புட்("கூலி எவ்வளவு? ")
பிரின்ட்(கூலி * 7)

600 என்று கொடுத்தால் 600600600600600600600 என்று வரும். இதைத் தவறாமல் நடக்க விடுங்கள். இன்புட் எதைக் கொடுத்தாலும் எழுத்தாகவே வாங்கும், எழுத்தை 7ஆல் பெருக்கினால் ஏழு முறை எழுதும். முதல் வகுப்பின் 60050ஐ நோட்டில் திருப்பிப் பார்க்கச் சொன்னால் காரணத்தை அவர்களே கண்டுபிடிப்பார்கள். பிறகு இன்ட்(இன்புட்("கூலி எவ்வளவு? ")) என்று மாற்றலாம், இன்ட் அந்த எழுத்தை முழு எண்ணாக்கும். இங்கே கடைசியில் இரண்டு அடைப்பு மூடவேண்டும், ஒன்றை விடாதவர் அபூர்வம். உள்ளிருந்து வெளியே எண்ணச் சொல்லுங்கள்.

ஷிப்டைக் கேட்கும்போது 1.5 என்று கொடுத்தால் இன்ட் வேல்யூஎரர் கொடுக்கும். அங்கே தசம எண்ணாக்கும் ஃப்ளோட் வேண்டும். 600 ரூபாய் என்று சொல்லோடு சேர்த்து அடித்தாலும் அதே பிழைதான்.

6. நான்காம் வகுப்பு: இஃப்

மணி நேரத்தைக் கொடுத்தால் ஷிப்டைச் சொல்லவேண்டும். 12 மணி ஒன்றரை, 8 மணி ஒன்று, 4 மணி அரை, அதற்குக் கீழே ஒன்றுமில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். புதியவர்கள் சின்ன எண்ணிலிருந்து மேலே போவார்கள்:

இஃப் மணி >= 4:
    ஷிப்ட் = 0.5
எலிஃப் மணி >= 8:
    ஷிப்ட் = 1
எலிஃப் மணி >= 12:
    ஷிப்ட் = 1.5
எல்ஸ்:
    ஷிப்ட் = 0

பார்வைக்குச் சரி. ஓடவும் ஓடும், சிவப்பு எழுத்தும் வராது. ஆனால் 12 மணி நேரம் நின்று வேலை செய்தவருக்கும் அரை ஷிப்ட்தான் போடும். முதலில் எது உண்மையோ அதைச் செய்துவிட்டு மற்றதைப் பார்க்காமலே கம்ப்யூட்டர் கீழே போய்விடும். 12 என்பது 4ஐவிடப் பெரியதுதானே. அதனால் பெரிய எண்ணிலிருந்து இறங்கவேண்டும். ஓடுகிற நிரலும் தப்பாக இருக்கலாம் என்று பிள்ளைகள் உணரும் முதல் இடம் இது. அவசரப்படாதீர்கள், வகுப்பு முழுதும் இதிலேயே போனாலும் தகும்.

சோதிக்க 3, 4, 7, 8, 11, 12 ஆகிய ஆறு எண்களையும் கொடுக்கச் சொல்லுங்கள். தப்பு எப்போதும் எல்லைக்கோட்டில்தான் ஒளிந்திருக்கும். 10ஐ மட்டும் போட்டுப் பார்த்துவிட்டுச் சரி என்பவரை நம்பாதீர்கள்.

வரி முடிவில் முக்காற்புள்ளி விடுபடுவதும், சமமா என்று கேட்க இரண்டு சமக்குறி போடாமல் ஒன்றைப் போடுவதும் அன்றைக்கு எல்லாரிடமும் வரும். உள்தள்ளலுக்கு நாலு இடைவெளி. தானியில் முக்காற்புள்ளி போட்டு என்டர் அடித்தால் தானாகவே வரும். தானாக வராவிட்டால் முக்காற்புள்ளி இல்லை என்று அர்த்தம்.

7. ஐந்தாம், ஆறாம் வகுப்பு: ஃபார்

சுழற்சிக்கு இரண்டு வகுப்பு ஒதுக்குங்கள். வருவதை நிறுத்திவிடுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் நிறுத்துகிறார்கள்.

வாரம் = [1, 1.5, 1, 1, 1.5, 1]
மொத்தம் = 0
ஃபார் நாள் இன் வாரம்:
    மொத்தம் = மொத்தம் + நாள்
பிரின்ட்(மொத்தம் * 600)

கம்ப்யூட்டரை மூடிவைத்துவிட்டு நோட்டில் இரண்டு பத்தி போடச் சொல்லுங்கள்: நாள், மொத்தம். நாளின் கீழ் 1, 1.5, 1, 1, 1.5, 1. மொத்தத்தின் கீழ் 0இல் தொடங்கி 1, 2.5, 3.5, 4.5, 6.0, 7.0. கடைசியில் 4200.0. பின்னால் அந்தப் புள்ளி பூஜ்யம் ஏன் என்று கேட்பார்கள். இடையில் ஒரு 1.5 கலந்ததிலிருந்து மொத்தம் தசம எண்ணாகிவிட்டது. இந்தப் பட்டியலைப் பிழையில்லாமல் போடுகிறவர்கள் மட்டும் கணினியைத் திறக்கலாம். கண்டிப்பாகத் தோன்றும், ஆனால் பட்டியல் போடாமல் சுழற்சி எழுதுகிறவர்கள் வரிகளை இங்கும் அங்கும் நகர்த்தி, விடை வரும்வரை குருட்டாம்போக்கில் முயல்வதுதான் நடக்கிறது.

பிறகு இரண்டு வரியை இடம் மாற்றிப் பாருங்கள். மொத்தம் = 0 என்பதை ஃபாருக்குள் தள்ளினால் ஒவ்வொரு நாளும் கணக்கு அழிந்து, சனிக்கிழமையின் 1 மட்டும் மிஞ்சி 600 வரும். பிரின்ட்டை உள்ளே தள்ளினால் ஆறு வரி வரும். உள்தள்ளல் அழகுக்கு இல்லை, எது திரும்பத் திரும்ப நடக்கவேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது என்று இந்த இரண்டே மாற்றத்தில் விளங்கிவிடும்.

எண்களை வரிசையாகத் தரும் ரேஞ்சை ஆறாம் வகுப்பில் கொண்டுவாருங்கள். ரேஞ்ச்(1, 6) ஐந்தோடு நின்றுவிடும். ஆறு நாளும் வேண்டுமென்றால் ரேஞ்ச்(1, 7). கடைசி எண் சேராது என்பதை மனப்பாடம் செய்யச் சொல்லாமல் ரேஞ்ச்(1, 4), ரேஞ்ச்(0, 3), ரேஞ்ச்(3) மூன்றையும் ஊகித்து எழுதவைத்தால் போதும்.

மீதி நேரத்துக்கு நாமக்கல் முட்டைக் கணக்கு. ஓர் அட்டைக்கு 30 முட்டை. 1000 முட்டைக்கு எத்தனை முழு அட்டை, மீதி எத்தனை? இரட்டைச் சாய்கோடு 33 என்று தரும், சதவீதக்குறி மீதி 10ஐத் தரும். எல்லா முட்டையையும் ஏற்ற எத்தனை அட்டை வேண்டும் என்று அடுத்துக் கேளுங்கள். 34. மீதி இருந்தால் ஒன்று கூட்டு, இல்லாவிட்டால் வேண்டாம் என்று இஃப் எழுதவேண்டும். 900 கொடுத்தும் சோதிக்கவேண்டும், அங்கே 31 வந்தால் தப்பு. முட்டை விலையைச் சேர்த்தால் காசில் வையுங்கள்: 5 ரூபாய் 35 காசு என்பதை 535 என்று வைத்துக் கடைசியில் 100ஆல் வகுக்கலாம். 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் பைத்தான் 0.30000000000000004 என்று காட்டும். தசமத்தை அது இரும எண்ணாக வைத்துக்கொள்வதால் வரும் சிறு பிசகு அது, பணக்கணக்கில் கூடாது.

8. ஏழாம் வகுப்பு: செயற்கூறு

பெயர் வைத்து, வேண்டும்போது அழைக்கும் நிரல்துண்டுதான் செயற்கூறு. நான்காம் வகுப்பின் இஃப் பகுதியை எடுத்து ஒரு பெயர் கொடுங்கள்.

டெஃப் ஷிப்ட்_கணக்கு(மணி):
    இஃப் மணி >= 12:
        ரிட்டர்ன் 1.5
    எலிஃப் மணி >= 8:
        ரிட்டர்ன் 1
    எலிஃப் மணி >= 4:
        ரிட்டர்ன் 0.5
    எல்ஸ்:
        ரிட்டர்ன் 0

இதை மட்டும் ஓட்டினால் ஒன்றுமே வராது. "வேலை செய்யலீங்க" என்பார்கள். அழைத்தால்தான் நடக்கும், பிரின்ட்(ஷிப்ட்_கணக்கு(12)) என்று ஒரு வரி கீழே சேர்க்கச் சொல்லுங்கள்.

ரிட்டர்னுக்குப் பதில் பிரின்ட் போடுவதுதான் இங்கே தீராத தப்பு. திரையில் 1.5 தெரிவதால் சரியாக இருப்பது போலவே இருக்கும். மொத்தத்தோடு கூட்டும்போதுதான் டைப்எரர் வரும், அதில் நன்டைப் என்ற சொல் இருக்கும். பிரின்ட் மனிதக் கண்ணுக்குக் காட்டுகிறது, ரிட்டர்ன் நிரலின் கைக்கே விடையைக் கொடுக்கிறது. நன்டைப் என்று பார்த்தவுடன் எங்கேயோ ரிட்டர்ன் விட்டுப்போயிருக்கிறது என்று தேடலாம்.

9. வாட்ஸ்அப்பில் வரும் நிரல்

வகுப்புக்கு ஒரு குழு தொடங்கி அதில் நிரலை அனுப்புவது வழக்கமாகிவிட்டது. அதிலிருந்து ஒட்டினால் நேரான மேற்கோள் சில போன்களில் வளைந்த மேற்கோளாக மாறியிருக்கும், பைத்தான் அதை ஏற்காது. பெருக்கல் குறியான நட்சத்திரம் இரண்டு இருந்தால் எழுத்து தடித்துக் குறி மறைந்துபோகலாம். நிரலைக் கோப்பாகவே அனுப்புங்கள், அல்லது கையால் அடிக்கச் சொல்லுங்கள். கையால் அடிப்பதே நல்லது.

கோப்புக்குப் பெயர் வைப்பதிலும் கவனம் வேண்டும். ரேண்டம், டர்ட்டில் என்று பைத்தானின் சொந்தத் தொகுதிகளுக்கு (கூடவே வரும் ஆயத்த நிரல்களுக்கு) உள்ள பெயரைத் தங்கள் கோப்புக்கு வைத்துவிட்டால், அந்தத் தொகுதியை அழைக்கும்போது இவர்கள் கோப்பே திறந்து, புரியாத பிழை வரும். கூலி1, கூலி2 என்று எண்ணோடு வைக்கப் பழக்கினால் பழைய பதிப்பும் கையில் இருக்கும்.

தமிழ்ச் சொல்லின் நீளத்தை லென் கொண்டு எண்ணிப் பார்க்க யாராவது ஆசைப்படுவார்கள். "ஈரோடு" என்பதற்கு 5 வரும். ஓகாரக் குறியையும் உகரக் குறியையும் தனித்தனியாக எண்ணுகிறது. பிழை இல்லை என்று சொல்லிவிட்டு நகருங்கள்.

10. எட்டாம் வகுப்பு: அவரவர் கணக்கு

ஆறு நாள் மணியைப் பட்டியலாக வைத்து, செயற்கூறை ஃபாருக்குள் அழைத்து, வாரச் சம்பளத்தைச் சொல்லும் முழு நிரலை இரட்டையர் ஒவ்வொருவரும் வெற்றுத் திரையிலிருந்து எழுதவேண்டும். சரிபார்க்க [8, 12, 0, 4, 7, 8] கொடுங்கள். மொத்தம் 4.5 ஷிப்ட், 600 கூலிக்கு 2700.0 வரவேண்டும்.

முடித்தவர்கள் வீட்டிலிருந்து ஒரு கணக்கைக் கொண்டுவரட்டும்: சொசைட்டிக்கு ஊற்றிய பால், தறிக்கூலி, தேங்காய் எண்ணிக்கை, எதுவானாலும். விடையைக் கையால் போட்டுப் பார்த்துச் சரியா என்று தெரிந்துகொள்ளக்கூடிய அளவில் இருக்கவேண்டும். இணையத்தில் பார்த்த விளையாட்டைச் செய்யவேண்டும் என்பவர்களை இப்போதைக்குத் தடுங்கள், இருநூறு வரியை ஒட்டிவிட்டு எது எதற்கு என்று தெரியாமல் நிற்பார்கள்.

எழுதியதைப் பார்க்கும்போது விடையை மட்டும் பார்க்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வரியைத் தொட்டு, "இத எடுத்துட்டா என்ன வரும்?" என்று கேளுங்கள். நோட்டில் எழுதிய பிறகு எடுத்துவிட்டு ஓட்டுங்கள். மூன்று வரிக்குச் சரியாகச் சொன்னவர் கோப்பிலிருந்து தரவு படிக்கும் அடுத்த பாடத்துக்குப் போகலாம். சொல்லாதவருக்கு ஐந்தாம் வகுப்பின் பட்டியலை வேறு எண்களோடு மறுபடி கொடுங்கள்.